கோச்சி வந்த வழியும் கொழும்புத் தமிழரும்

கொட்டாஞ்சேனைக்குப் புகையிரத நிலையம் கிடையாது. வெள்ளவத்தைக்கு உண்டு. கொழும்பு 13, கொழும்பு 6 என்று முகவரியில் எழுதப்படும் இவ்விரு பகுதிகளையும் 'தமிழர் செறிந்து வாழும் பகுதிகள்' என ஒரே வரியில் சேர்த்து எழுதிப் பழகியவர்கள் பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள். இரண்டிலும் வெவ்வேறு காலங்களில் குடியிருந்தவன் என்ற முறையில் அந்தச் சேர்க்கை எனக்கு எப்போதுமே சற்று உறுத்தலாக இருந்து வந்திருக்கின்றது. கொட்டாஞ்சேனைத் தமிழரின் முன்னோர் பெரும்பாலும் கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்கியவர்கள். இறங்கிய இடத்துக்கு அருகிலேயே கோயிலும் கடையும் வீடும் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர்கள். வெள்ளவத்தைத் தமிழரின் முன்னோரோ கோச்சியில் வந்தவர்கள். வந்த நாளிலிருந்தே ஊருக்குத் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள். இந்த வேறுபாடு எப்படி உண்டானது, பின்னர் எப்படி அழிந்தது என்பதை இலங்கைப் புகையிரதப் பாதையின் வரலாற்றைக் கொண்டு ஓரளவு சொல்லிவிடலாம் என்று தோன்றுகின்றது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீடுகளில் அது 'கோச்சி'தான். ஆங்கிலேயரின் 'கோச்' தமிழர் வாயில் கோச்சியாகவும் சிங்களவர் வாயில் கோச்சியவாகவும் ஆயிற்று. அரசாங்க அறிவித்தல்களில் புகையிரதம். டீசல் எஞ்சின் வந்து புகை ஓரளவு ஓய்ந்த பின்பும் அந்தப் பெயரே நிலைத்தது. பிற்காலத்தில் 'தொடருந்து' என்ற சொல்லும் புழக்கத்துக்கு வந்தது. வடக்கில் வண்டியே ஓடாதிருந்த ஆண்டுகளில்தான் அந்தப் புதிய சொல்லை நான் அதிகமாகப் படித்தேன் என்பது வேடிக்கை.

இலங்கையில் புகையிரதம் ஓடத் தொடங்கியது மனிதருக்காக அன்று, கோப்பிக்காக. கண்டிச் சீமையின் மலைகளில் விளைந்த கோப்பியை மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கொழும்புத் துறைக்குக் கொண்டுவரப் பல நாட்கள் பிடித்தன. மழைக்காலத்தில் வழியிலேயே மூட்டைகள் நனைந்து பாழாயின. தோட்டத் துரைமார் பாதை வேண்டுமென்று முறையிட்டார்கள். 1845-ல் இலண்டனில் 'இலங்கைப் புகையிரதக் கம்பனி' தோன்றிற்று. தோன்றிய பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் கடிதப் போக்குவரத்துத்தான் நடந்தது. 1857-ல் இங்கிலாந்திலிருந்து வந்த கப்டன் மூர்சம் கண்டிக்குச் செல்லக்கூடிய ஆறு வழிகளை ஆராய்ந்து, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, 856,557 பவுண் செலவாகும் என்று அறிக்கை கொடுத்தார். 1858 ஆகஸ்ட் 3ஆம் திகதி தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்வெட்டைப் போட்டார். வேலை தொடங்கிய பின் கம்பனியின் பொறியியலாளர், மதிப்பீடு இரு மடங்குக்கும் மேலாகும் என்று கையை விரித்தார். தோட்டக்காரர்களும் அரசாங்கமும் வெகுண்டன. 1861-ல் கம்பனியின் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது; அரசாங்கமே பாதையை எடுத்துக்கொண்டது. இலங்கையில் புகையிரதம் இன்றளவும் அரசுத் திணைக்களமாகவே இருப்பதற்கு மூலகாரணம் அந்தச் சண்டைதான்.

பிறகு வேலை விரைந்தது. இந்தியாவின் முதற் பாதையான பம்பாய் - தானா பாதையை அமைத்த ஒப்பந்தக்காரர்களுள் ஒருவரான பேவியெல் இங்கும் ஒப்பந்தம் பெற்றார். பொறியியலாளர் கில்போர்ட் மோல்ஸ்வேர்த் தலைமை ஏற்றார். பொறியியல் மாணவர்கள் பல தலைமுறைகளாகச் சட்டைப் பையில் வைத்துத் திரிந்த சூத்திரக் கையேட்டை எழுதியவர் இவரே. 1864 டிசம்பர் 27ஆம் திகதி முதல் வண்டி கொழும்பிலிருந்து 54 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அம்பேபுஸ்ஸ வரை சென்றது. அதிலே பயணம் செய்த பிரமுகர் பெல்ஜியத்தின் பிரபன்ட் கோமகன். அவரே பின்னாளில் இரண்டாம் லியோபோல்ட் மன்னராகிக் கொங்கோ மக்களின் இரத்தத்தை றப்பராக உறிஞ்சியவர். காலனித்துவச் சரித்திரத்தைப் புரட்டும்போது இப்படிச் சில முகங்கள் எதிர்பாராத ஜன்னல்களில் தோன்றி மறையும். பொதுமக்களுக்கான சேவை 1865 அக்டோபர் 2ஆம் திகதி ஆரம்பமாயிற்று. 1867-ல் பாதை கண்டியை எட்டியது.

கடுகண்ணாவை ஏற்றத்தில் பயணம் செய்தவர்கள் அந்த வேலையின் கடுமையை உணர்ந்திருப்பார்கள். 45 அடி முன்னே போனால் ஓரடி மேலேறும் சரிவு அது. ஒருபுறம் செங்குத்துப் பாறை, மறுபுறம் பாதாளம். பாறையைக் குடைந்தவர்கள், கல் சுமந்தவர்கள், காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டவர்கள் ஆகியோருள் பெருந்தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்க் கூலிகள். மோல்ஸ்வேர்த்தின் பெயர் நூல்களில் இருக்கின்றது. அவர்களுடைய பெயர்ப் பட்டியல் எங்கேயும் இல்லை.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். பாதை கண்டியை எட்டிய அதே 1867-ல்தான் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நாட்டினார். இரண்டே ஆண்டுகளில், 1869-ல், கோப்பி இலைகளில் துருப்போன்ற நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. கோப்பிக்காகப் போட்ட தண்டவாளம் தேயிலையைச் சுமந்தது. 1874-ல் நாவலப்பிட்டி, 1885-ல் நானு ஓயா, 1894-ல் பண்டாரவளை என்று தேயிலையின் பின்னாலேயே பாதையும் மலையேறி, 1924-ல்தான் பதுளையில் போய் நின்றது.

இந்தச் சரக்கெல்லாம் வந்து சேர்ந்த இடம் கொழும்புத் துறைமுகம். 1875-ல் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். 1885-ல் அது முடிந்ததும் காலித் துறைமுகத்தின் மவுசு குறைந்து கொழும்பின் காலம் தொடங்கிற்று. கொட்டாஞ்சேனையும் கொச்சிக்கடையும் செட்டியார் தெருவும் அந்தத் துறைமுகத்தின் பின்வாசல்கள். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் வந்தவர்கள் இங்கேதான் காலூன்றினார்கள். கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த செட்டிமார், முத்தும் துணியும் அரிசியும் விற்றவர்கள், பரதகுல வணிகர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள். பொன்னம்பல முதலியார் 1857-ல் கட்டுவித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907-க்கும் 1912-க்கும் இடையில் கருங்கல்லால் திருப்பணி செய்தார். நகரத்தில் உப்புக்காற்றுக்கும் மனிதக் காற்றுக்கும் அசையாமல் நிற்கும் கட்டடங்களுள் அதுவும் ஒன்று.

கொட்டாஞ்சேனைப் பக்கத்தாருக்குப் புகையிரதத்துக்குப் பதிலாக ட்ராம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் வேளையில் ஓடத் தொடங்கிய மின்சார ட்ராம் கோட்டையிலிருந்து கிராண்ட்பாசுக்கு ஒரு பாதையிலும் பொரளைக்கு மற்றொரு பாதையிலும் சென்றது. 1929-ல் குணசிங்கவின் தலைமையில் நடந்த ட்ராம் வேலைநிறுத்தம் பெருங் கலவரத்தில் முடிந்தது தனிக்கதை. 1960-ல் ட்ராம் நிறுத்தப்பட்டது. நான் கொழும்புக்கு வந்த எழுபதுகளில் ஆமர் வீதிக் கடைத்திண்ணைகளில் இருந்த கிழவர்கள் 'ட்ராம் ஓடின காலம்' என்று ஒரு யுகத்தைக் குறிப்பிடுவார்கள். அவர்களிடம் ஊர் எது என்று கேட்டால் கொட்டாஞ்சேனை என்பார்கள். பாட்டனார் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர் என்பது இரண்டாவது கேள்விக்குத்தான் பதிலாக வரும்.

இனி வடக்குக்கு வருவோம். 1897 ஜனவரியில் மேலைநாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் கொழும்பில் இறங்கினார். அங்கிருந்து கண்டிக்கும் மாத்தளைக்கும் புகையிரதம் இருந்தது. அதற்கப்பால் யாழ்ப்பாணம் போவதற்கு இருந்தது குதிரை வண்டி. தம்புள்ளையைக் கடந்து சில மைல்களில் வண்டிச் சக்கரம் உடைந்தது. உலகப் புகழ்பெற்ற துறவியும் அவருடன் வந்தவர்களும் காட்டு வழியில் மாட்டு வண்டிகளைத் தேட வேண்டியதாயிற்று. கண்டிக்கு வண்டி ஓடி முப்பது ஆண்டுகள் கடந்த நிலையில் வடக்கின் நிலை அதுதான். கோப்பியும் தேயிலையும் விளையாத நிலத்துக்குத் தண்டவாளம் எதற்கு என்பது ஆட்சியாளரின் கணக்கு. (அந்த வருகையின் நினைவிலே கொழும்பு விவேகானந்த சபை 1902-ல் அமைந்தது; அதன் மண்டபம் இருப்பதும் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில்தான்.)

சபை தோன்றிய அதே 1902-ல், காங்கேசன்துறைப் பக்கத்திலிருந்து தொடங்கிய வடபாதையின் முதற்பகுதி திறக்கப்பட்டது. தெற்கேயிருந்து பொல்காவலை, குருநாகல், அனுராதபுரம் வழியாக வந்த பாதை அதனுடன் இணைந்து, 1905 ஆகஸ்ட் 1ஆம் திகதி கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே நேரடிப் போக்குவரத்து ஆரம்பமாயிற்று. ஏறக்குறைய 400 கிலோமீற்றர். நாட்கணக்கான காட்டுவழிப் பயணம் ஓரிரவாகச் சுருங்கியது. அந்த ஓரிரவு யாழ்ப்பாணச் சமூகத்தில் செய்த மாற்றத்தை எந்தக் கல்லூரியும் எந்தச் சட்டசபையும் செய்யவில்லை என்பேன்.

மிஷன் பாடசாலைகளிலும் சைவப் பாடசாலைகளிலும் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞருக்கு உள்ளூரில் வேலை இல்லை. கையளவு காணியும் கிணறும் எல்லாருக்கும் போதா. சிலர் கப்பலேறி மலாயா போனார்கள். அங்கேயும் புகையிரதப் பகுதியே அவர்களில் பலருக்குச் சோறு போட்டது. சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் நிலைய அதிபர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் இருந்து 'மலாயாப் பென்சனியர்' என்ற பட்டத்துடன் திரும்பியவர்கள் எங்கள் கிராமங்களில் ஒரு தனிச் சாதி. மற்றவர்கள் கோச்சியேறிக் கொழும்புக்கு வந்தார்கள். தனி ஆளாக வந்தார்கள். மனைவி மக்கள் ஊரிலே. மாத முடிவிலோ பண்டிகைக்கோ இரவுத் தபால் வண்டி ஏறினால் விடியும்போது ஊர். அரசாங்க ஊழியருக்கு ஆண்டில் சில தடவை இலவசமாகப் பயணம் செய்வதற்கென 'வாரண்ட்' கிடைத்தது. அந்த வாரண்டைப் பற்றி நம் வரலாற்றாசிரியர்கள் எழுதக் காணோம். ஒரு முழுத் தலைமுறை இரண்டு வீடுகளைக் கட்டிக் காத்தது அந்தக் கடதாசித் துண்டின் பலத்தால்தான்.

இவர்கள் தங்கிய இடங்களுள் முதன்மையானது வெள்ளவத்தை. காரணம் புகையிரதமே. தெற்கே போகும் கரையோரப் பாதை 1877-ல் பாணந்துறையையும் 1879-ல் களுத்துறையையும் எட்டி, 1894-ல் காலியையும் 1895-ல் மாத்தறையையும் அடைந்தது. கொழும்பை விட்டதும் அது கடலின் விளிம்பிலேயே ஓடுகின்றது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு மேடையில் நின்றால் காலடியில் அலை. சோழகக் காலத்தில் கடற்சாரல் பெட்டிக்குள்ளேயே வந்து சட்டையை நனைக்கும். வெள்ளவத்தை நிலையம் சிறியது. பெருமை பேச அதில் எதுவும் இல்லை. காலி வீதியிலிருந்து ஸ்டேஷன் வீதியால் இறங்கி வந்தால் முடிவில் தண்டவாளமும் அதற்கப்பால் இந்து சமுத்திரமும். ஆனால் காலையில் அங்கே வண்டியேறினால் கால்மணி நேரமளவில் கோட்டை. கந்தோருக்கு நடந்து போய்விடலாம். கறுவாத்தோட்டத்தில் குடியிருக்க வசதியில்லாத கிளாக்கருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நாலைந்து இளைஞர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு சமையற்காரரையும் அமர்த்திக்கொள்வார்கள். 'சமறி' என்று அதற்குப் பெயர். வெள்ளவத்தையின் ஒழுங்கைகள் இவ்வகைச் சமறிகளால் நிரம்பின. பின்னர் குடும்பங்கள் வந்தன. 1942-ல் பிறந்த கொழும்புத் தமிழ்ச் சங்கம் 57ஆம் ஒழுங்கையில் நிலைகொண்டது. ஆயினும் அந்த ஒழுங்கைகளில் வாழ்ந்தவர்களிடம் ஊர் எது என்று கேட்டால் யாரும் வெள்ளவத்தை என்று சொன்னதில்லை. கோண்டாவில், சண்டிலிப்பாய், வேலணை, கரவெட்டி. பிள்ளைப்பேறு, கல்யாணம், செத்தவீடு எல்லாம் அங்கே. இங்கே சம்பளம்.

1914-ல் இன்னொரு கிளை. மதவாச்சியிலிருந்து மன்னார் வழியாகத் தலைமன்னார் துறைக்குப் பாதை போடப்பட்டது. அக்கரையில் அதே ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, சிறு கப்பலில் நீரிணையைத் தாண்டித் தலைமன்னாரில் மறுபடி கோச்சியேறினால் கொழும்புக் கோட்டை. 'போட் மெயில்' என்று ஊரெல்லாம் அறிந்த பயணம். தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கொண்டுவரப்பட்ட வழியும் மாறிற்று. முன்னர் மன்னார்க் காட்டு வழியே மாத்தளை வரை நடந்து பாதிவழியில் மடிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மண்டபம் முகாமில் சோதிக்கப்பட்டு வண்டியில் வந்தார்கள். கடலின் அந்தப் பக்கம் மீற்றர் பாதை, இந்தப் பக்கம் ஐந்தரை அடி அகலப் பாதை. பாலம் போட்டிருந்தாலும் ஒரே வண்டி ஓடியிருக்க முடியாது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடிற்று. எண்பதுகளின் நடுப்பகுதியில் போர் அதையும் நிறுத்தியது.

கட்டடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதன்முதலில் வண்டிகள் புறப்பட்ட கொழும்பு முடிவிடம் மருதானையை அண்டியிருந்தது. மருதானை நிலையம் 1908-ல் திறக்கப்பட்டது. கோட்டை நிலையம் 1917-ல் வந்தது. மான்செஸ்டர் விக்டோரியா நிலையத்தின் சாயலில் கட்டியது என்பார்கள். நீண்ட வெள்ளை முகப்பு, வரிசையான இரும்புத் தூண்கள், மேடைகளை இணைக்கும் மேம்பாலம். அதன் வாசலில் நிற்பவர் ஒரு புகையிரதப் பொறியியலாளரோ தேசாதிபதியோ அல்லர். பௌத்த கல்விக்கு உழைத்த அமெரிக்கரான கேணல் ஒல்கொட். மலைநாட்டு நிலையங்களின் அழகு வேறு. கூரை விளிம்பில் சித்திர வேலைப்பாடு செய்த மரப்பலகை, பூஞ்சாடிகள், சிவப்பு வாளிகள் எனப் பனிமூட்டத்தில் இங்கிலாந்துக் கிராமமொன்றைப் பெயர்த்து வைத்தாற்போன்ற தோற்றம். அங்கே ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாதிருக்க ஒரு வளையத்தில் கோத்த தகட்டைச் சாரதியின் கையில் நிலைய அதிபர் கொடுப்பார். 'டப்லட்' என்பார்கள். அது கையில் இல்லாமல் எஞ்சின் அடுத்த நிலையத்தை நோக்கி அசையக் கூடாது. எளிய ஏற்பாடு. ஒரு பகுதிக்கான தகடு வெளியே இருக்கும்வரை மற்றொன்றை எடுக்க முடியாதபடி இரு நிலையங்களின் பெட்டிகளும் மின்கம்பியால் பூட்டப்பட்டிருக்கும். இதில் ஏமாற்றுவது கடினம்.

எங்கள் தொழிலுக்கும் கோச்சிக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. அக்காலத்தில் யாழ்ப்பாணப் பதிப்பை முடிக்கும் நேரத்தைத் தீர்மானித்தவர் ஆசிரியர் அல்லர். இரவுத் தபால் வண்டி. பத்திரிகைக் கட்டுகள் கோட்டை நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பிந்தினால் அடுத்த நாள் வடக்கில் பத்திரிகை இல்லை. அதனால் கொழும்பில் இரவு நடந்தது யாழ்ப்பாண வாசகருக்கு ஒரு நாள் பிந்தியே தெரிந்தது. கட்டுகளை ஏற்றிய பின் மேடையிலே நின்று வண்டி புறப்படுவதைப் பார்த்திருப்பது எனக்கு ஒரு பழக்கமாக இருந்தது. மூன்றாம் வகுப்பில் இடம்பிடிக்கக் கைலேஞ்சியை ஜன்னலால் எறிவார்கள். பெட்டிகளில் கொழும்புச் சாமான். திரும்பி வரும்போது அதே பெட்டிகளில் பனங்கட்டி, ஒடியல், மாம்பழம், மிளகாய்த்தூள். இரவு வண்டி காலையில் கோட்டைக்கு வந்து சேரும்போது அந்த மேடைக்கே ஒரு யாழ்ப்பாண மணம் இருக்கும்.

யாழ்தேவி 1956 ஏப்ரல் 23ஆம் திகதி ஓடத் தொடங்கிற்று. இரவில்லாமல் பகலிலேயே வடக்கே போகும் கடுகதி வண்டி. புகையிரதப் பொது முகாமையாளராக இருந்த பி.டி. ரம்பால என்னும் சிங்களப் பொறியியலாளரின் காலத்துச் சாதனை அது. ருகுணு குமாரி, உடரட்ட மெனிக்கே, யாழ்தேவி என்று தெற்குக்கும் மலைக்கும் வடக்குக்கும் மூன்று பெண் பெயர்களைச் சூட்டி நாட்டை ஒரே குடும்பமாகக் காட்ட அவர் முயன்றார். பண்டாரநாயக்க பிரதமராகப் பதவியேற்றுப் பதினொரு நாட்கள் கழித்து யாழ்தேவி புறப்பட்டது. ஜூன் 5ஆம் திகதி தனிச் சிங்கள மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. ஆறு வார இடைவெளிக்குள் வடக்கை நோக்கி ஒரு கதவு திறந்து, மற்றொரு கதவு மூடிற்று. புகையிரதப் பகுதியில் நிறைந்திருந்த தமிழ் நிலைய அதிபர்களும் கிளாக்கர்மாரும் சிங்களப் பரீட்சை எழுத வேண்டியவர்களானார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அந்த வேலைகளுக்கு வரவில்லை.

அந்தக் காலத்து டீசல் எஞ்சின்கள் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்தவை. அல்பேர்ட்டா, ஒன்ராறியோ, மனிற்றோபா என்று கனடிய மாகாணப் பெயர்களை நெற்றியில் தாங்கியவை. ஒன்ராறியோ என்ற பெயரை எங்களில் பலர் முதன்முதலில் எழுத்துக்கூட்டி வாசித்தது ஓர் எஞ்சினின் மேல்தான். அந்த மாகாணத்தில் பின்னர் எங்கள் ஊர்கள் முழுவதும் போய்க் குடியேறும் என்று அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். மனிற்றோபாவின் கதை வேறு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி பெரலியவில் ஆழிப்பேரலை அள்ளிய வண்டியை இழுத்துச் சென்றது அதுவே. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அந்த ஒரே வண்டியில் மாண்டனர். எஞ்சின் பிறகு திருத்தப்பட்டு மீண்டும் ஓடிற்று.

தண்டவாளம் மனிதரைச் சேர்ப்பதுபோல் சிக்கவும் வைக்கும். 1958 மே 22ஆம் திகதி பொலன்னறுவை நிலையத்தில் தமிழர்களைத் தேடிக் கும்பல் வண்டிக்குள் புகுந்தது. அந்த ஆண்டின் பெருங்கலவரத்துக்கு முன்னோடி அதுதான். 1983 ஜூலையில் வெள்ளவத்தை எரிந்தது. கொட்டாஞ்சேனையும் தப்பவில்லை. வெள்ளவத்தைக்காரர் கப்பலிலும் வண்டியிலும் ஊருக்குப் போனார்கள். போவதற்கு ஊர் ஒன்று இருந்தது. கொட்டாஞ்சேனைக்காரருக்குப் போகுமிடம் எது? எரிந்த கடையின் சாம்பலைக் கூட்டிவிட்டு அங்கேயே இருந்தார்கள். இரண்டு பகுதிகளையும் ஒன்றாக எழுதுவது எனக்கு உறுத்தத் தொடங்கியது அந்த ஆகஸ்ட் மாதத்தில்தான்.

1985 ஜனவரி 19ஆம் திகதி முறிகண்டியில் படையினரை ஏற்றிவந்த யாழ்தேவி விடுதலைப் புலிகளின் கண்ணிவெடிக்கு இலக்காயிற்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வடக்குச் சேவை முற்றாக நின்றது. பிறகு நடந்தது எந்தப் புகையிரத வரலாற்றிலும் அபூர்வமானது. வவுனியாவுக்கு வடக்கே பாதையே காணாமற் போயிற்று. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் கூரையாகின. நிலையங்கள் சன்னங்களால் சல்லடையாகின. யாழ்தேவி என்ற பெயர்ப்பலகையுடன் வவுனியாவுடன் திரும்பும் வண்டியில் நான் பயணம் செய்திருக்கின்றேன்.

அந்த ஆண்டுகளில்தான் வெள்ளவத்தை மாறியது. வடக்கிலிருந்து வெளியேறியவர்கள், வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் வாழ்ந்த முதியவர்கள் எல்லோரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். சமறிகள் இருந்த நிலத்தில் தொடர்மாடிகள் எழுந்தன. கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜ்கள் நிரம்பின. வாரண்டுக்கு வேலையில்லை, அடுத்த மாதம் ஊருக்குப் போகலாம் என்ற பேச்சு அடுத்த வருடம் என்றாகிப் பின் நின்றுவிட்டது. காணி உறுதிகள் அலுமாரியில் இருந்தன. காணி உயர்பாதுகாப்பு வலயத்தில் இருந்தது. கோச்சி ஓடியவரை தங்குமிடமாக இருந்த வெள்ளவத்தை, கோச்சி நின்றபின் வேறு வழியின்றி ஊராயிற்று.

பாதுகாப்பான ஊரும் அன்று. 1996 ஜூலை 24ஆம் திகதி மாலை, வெள்ளவத்தைக்கு அடுத்த நிலையமான தெஹிவளையில், வேலை முடிந்து வீடு திரும்புவோர் நிறைந்த வண்டியில் குண்டு வெடித்து 64 பேர் மாண்டனர். காயமடைந்தோர் 400 பேர் வரை. விடுதலைப் புலிகள் மீதே பொறுப்புச் சுமத்தப்பட்டது. மாண்டவர்கள் நாள்தோறும் எங்களுடன் அதே பெட்டிகளில் தொங்கிக்கொண்டு பயணம் செய்தவர்கள். மறுநாள் அந்த வண்டிகளில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கையைத் தடுத்தது. அவர்கள் விசாரிக்கப்பட்டபோது கேட்கப்பட்ட கேள்வி, கொழும்பில் தங்கியிருப்பதற்குக் காரணம் என்ன என்பது. எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சமறிவாசியிடம் அதைக் கேட்டிருந்தால் வேலை என்று சொல்லியிருப்பார்.

போர் முடிந்தபின் இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் பாதையை மீண்டும் அமைத்தது. 2011-ல் ஓமந்தை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, 2014 அக்டோபர் 13-ல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரி 2-ல் காங்கேசன்துறை. தலைமன்னார் துறைக்கும் 2015 மார்ச் 14-ல் வண்டி போய்ச் சேர்ந்தது. அங்கே எதிர்கொள்ளக் கப்பல் இல்லை.

காங்கேசன்துறைக்கு வண்டி ஓடத் தொடங்கிய ஆண்டிலேயே நானும் ஒருமுறை போனேன். புதிய பாதை என்பதால் ஓட்டத்தில் பழைய தாளம் இல்லை. தண்டவாளங்களை ஒட்டி நீளமாக்கிவிட்டதால் மூட்டுக்கு மூட்டு எழும் 'டடக் டடக்' ஓசை வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனையிறவில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் கைத்தொலைபேசியை எடுத்தார்கள். யாழ்ப்பாண நிலையத்தைப் பழைய முகத்தோடு புதுப்பித்திருந்தார்கள். சுவரில் சன்ன அடையாளம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒன்றையாவது விட்டு வைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

எதிரே ஒரு குடும்பம். தாய், தகப்பன், பள்ளிக்கூடம் போகும் மகள். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. தகப்பன் பிறந்தது கொக்குவிலில். பிள்ளை பிறந்தது கொழும்பில். நல்லூரையும் அப்பாவின் பழைய வீட்டையும் பார்க்கப் போகிறோம் என்றாள் சிறுமி. எத்தனை நாள் நிற்பீர்கள் என்று கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை வீட்டை போயிடுவம் அங்கிள்," என்றாள்.

தகப்பன் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.